நெடும்பயணத்துக்கு டூரிங் பைக்கா, சிறிய க்ரூஸரா? கொங்கு நாட்டுச் சாலைகளை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கத்திலிருந்து வார இறுதியில் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் போய்வர நினைப்பவர்கள், வண்டி வாங்குவதற்கு முன் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

எந்த வண்டிகளை வைத்து இந்த ஒப்பீடு?

டூரிங் பைக் என்று இங்கே சொல்வது, 400 சிசியை ஒட்டிய எஞ்சினும், உயரமான இருக்கையும், நிமிர்ந்து உட்காரும் அமைப்பும், பெட்டி மாட்டும் வசதியும் கொண்ட அட்வெஞ்சர் டூரர் வகை வண்டியை. சிறிய க்ரூஸர் என்பது 220 முதல் 350 சிசி வரையிலான, இருக்கை தாழ்ந்த, கால்களைச் சற்று முன்னே நீட்டி ஓட்டும் வண்டி. முதல் வகைக்கு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, இரண்டாம் வகைக்கு அதே நிறுவனத்தின் மீட்டியோர் 350 ஆகியவற்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே ஷோரூமில் அருகருகே நிற்பவை என்பதால் வாங்க வருபவர்கள் தடுமாறுவதும் இவற்றுக்கிடையில்தான். பஜாஜ் அவெஞ்சர் 220 வைத்திருப்பவர்களுக்கும் க்ரூஸரைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். 1833 சிசி கொண்ட ஆறு சிலிண்டர் ஹோண்டா கோல்டு விங் போன்ற பெருவண்டிகள் இந்த ஒப்பீட்டில் இல்லை.

ஹிமாலயன் 452 சிசி, 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 17 லிட்டர் டேங்க், 196 கிலோ எடை கொண்டது. மீட்டியோர் 349 சிசி, 20 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர், 15 லிட்டர் டேங்க், 191 கிலோ எடை. திறனில் இரண்டு மடங்கு வேறுபாடு இருக்க, எடையில் ஐந்தே கிலோதான் வேறுபாடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்வரும் விடைகளில் பாதி தாமாகவே விளங்கும்.

கோவை–சேலம் போன்ற நான்குவழிச் சாலையில் எது மேல்?

பலரும் எதிர்பார்க்கும் அளவுக்கு அங்கே வேறுபாடு இல்லை என்பதே என் கருத்து. மத்திய அரசு 2018இல் அறிவித்த உச்ச வேக வரம்பின்படி, நடுத்தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் இரு சக்கர வாகனம் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. அந்த எண்பதில் மீட்டியோர் திணறலின்றி, அதிர்வு பெரிதாக உணரப்படாமல், நாள் முழுவதும் ஓடும். ஹிமாலயனும் அதே எண்பதில் ஓடும். எஞ்சினில் மிச்சம் நிறைய இருக்கும், ஆனால் அந்த மிச்சத்தைச் செலவழிக்கச் சட்டப்படி இடமில்லை. அவிநாசியிலிருந்து பெருந்துறை, பவானி, சங்ககிரி வழியாகச் சேலம் போகும் வழியில் இரண்டு வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பினால் ஏறத்தாழ ஒன்றாகவே போய்ச் சேரும்.

நூறுக்கு மேல் ஓட்டுவேன் என்பவர்களுக்கு இந்த விடை பிடிக்காது. க்ரூஸர் நூறைத் தாண்டும்போது மூச்சு வாங்குவது உண்மைதான். ஆனால் தோட்டத்துச் சாலையிலிருந்து திடீரென்று மொபெட் குறுக்கே வரும் ஊர்களின் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில், அந்த வேகத்தைக் காரணமாகச் சொல்லி வண்டியைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் கூடுதல் திறன் எங்கேதான் பயன்படுகிறது?

இருவழிச் சாலையில். தாராபுரம், காங்கேயம், கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கத்துச் சாலைகளில் எதிர்வண்டி வருமுன் ஒரு லாரியைத் தாண்ட வேண்டியிருக்கும். அறுபதிலிருந்து எண்பதுக்கு எவ்வளவு விரைவாகப் போக முடிகிறது என்பதே அந்த நேரத்தில் பாதுகாப்பு. தனியாகப் போகும்போது க்ரூஸர் இதைச் சமாளித்துவிடும். பின்னால் ஒருவரும் இரண்டு பைகளும் இருந்தால், ஐந்தாவது கியரில் கைப்பிடியைத் திருகிக்கொண்டு காத்திருப்பது வீண். ஒரு கியர் குறைத்து, சாலை நன்றாகத் திறந்த பிறகே தாண்ட வேண்டும். டூரிங் பைக்கில் அந்தக் கணக்கு எளிது.

நாமக்கல், சங்ககிரிப் பகுதியின் லாரிகளும், திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகளும் நீளமானவை. ஒரு ரிக்கையும் அதன் துணை லாரியையும் சேர்த்துத் தாண்டுவது என்பது ஒரே மூச்சில் செய்யவேண்டிய வேலை. அதற்கு இருபது குதிரைத்திறன் போதாத இடங்கள் உண்டு.

முதுகுவலி எதில் அதிகம்?

நெடும்பயணத்தில் உண்மையாகவே முடிவு செய்யவேண்டிய கேள்வி இதுதான். எஞ்சினைப் பற்றிய பேச்செல்லாம் இதற்குப் பிறகுதான். மனித உடலின் எடை வண்டியில் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தே மூன்றாவது மணி நேரமும் நான்காவது மணி நேரமும் அமையும்.

க்ரூஸரில் கால் வைக்கும் இடம் இடுப்புக்கு முன்னே இருக்கிறது. கால்கள் நீண்டிருப்பதால் முழங்காலுக்கு நல்ல ஓய்வு. முழங்கால் மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் கால்கள் எடையைத் தாங்காததால், மேல் உடம்பின் எடை முழுவதும் இடுப்பிலும் வால் எலும்பிலும் இறங்குகிறது. ஷோரூம் வாசலில் உட்கார்ந்து பார்க்கும்போது சோபாவைப் போல இருக்கும் அந்த அகன்ற இருக்கை, ஒன்றரை மணி நேரம் கழிந்த பின் வேறு குணத்தைக் காட்டும். மேலும், வேகத்தடை வரும்போது காலை ஊன்றி இருக்கையிலிருந்து எழுந்துகொள்ள க்ரூஸரில் எளிதாக முடியாது. ஊருக்கு ஊர் வேகத்தடை உள்ள நம் கிராமச் சாலைகளில் ஒவ்வொரு அடியும் தண்டுவடத்துக்கே நேராகப் போகும்.

டூரிங் பைக்கில் கால் வைக்கும் இடம் ஏறத்தாழ இடுப்புக்கு நேர்கீழே இருப்பதால், எடையைக் காலுக்கும் இருக்கைக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மேடுபள்ளம் வந்தால் எழுந்து நின்றே ஓட்டலாம். ஹிமாலயனின் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 200 மி.மீ. இறங்கி ஏறக்கூடியது. மீட்டியோரின் முன்பக்கத்தில் அது 130 மி.மீ.தான். பெயர் தெரியாத ஊர்ச் சாலைகளில் புகுந்து புறப்படுகிறவர்களுக்கு இந்த எழுபது மில்லிமீட்டர் வேறுபாடு, இருபது குதிரைத்திறன் வேறுபாட்டைவிட அதிகம் உதவும் என்பேன்.

டூரிங் பைக்குக்கும் குறை உண்டு. முழங்கால் அதிகம் மடங்குகிறது. உயரமானவர்களுக்கு இருக்கை குறுகலாகவும் கடினமாகவும் தோன்றும். ஆனால் கடினமான இருக்கை நெடும்பயணத்துக்கு நல்லது. மெத்தென்ற நுரை ஒரு மணி நேரத்தில் அமுங்கிப்போய் அடித்தகட்டை உணரச் செய்துவிடும். சீட் தைப்பவரிடம் இன்னும் மென்மையாக வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். கேட்கவேண்டியது அகலத்தையும் அடர்த்தியான நுரையையும்.

எந்த வண்டியாயினும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். கூடுமானவரை அந்த நிறுத்தத்தில் அரிசிம்பருப்பு சாதத்தையும் நெய்யையும் வயிறு நிரம்பச் சாப்பிடாமல் இருப்பது நல்லது. அதன் சுவையில் குறையில்லை, அடுத்த ஐம்பது கிலோமீட்டரில் கண் சொருகுவதுதான் சிக்கல்.

ஆடி மாதக் காற்றில் எந்த வண்டி நிலையாக நிற்கும்?

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே வாழ்பவர்களுக்கு வெறும் பழமொழியாகத் தோன்றாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கும் அந்தக் கணவாயின் வழியே, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து பாய்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரத்தில் காற்றாலைகள் நெருக்கமாக நிற்பதற்கு அதுவே காரணம்.

காற்று மேற்கிலிருந்து வருவதால் சாலையின் திசையைப் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும். கோவையிலிருந்து பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகக் கரூருக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். திரும்பி வரும்போது நெஞ்சில் மோதும். இந்தத் திரும்பும் பயணத்தில் முன்கண்ணாடி உள்ள வண்டிக்கே வெற்றி; கண்ணாடி இல்லாத க்ரூஸரில், நீட்டிய காலும் விரித்த கையுமாக உட்கார்ந்திருப்பவர் பாய்மரத்தின் வேலையைச் செய்கிறார். மைலேஜும் கண்ணெதிரே குறையும்.

பல்லடம்–உடுமலை, காங்கேயம்–தாராபுரம், கோவை–பொள்ளாச்சி போன்ற தெற்கு வடக்குச் சாலைகளில் கதை தலைகீழாகும். அங்கே காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. உயரமான வண்டி, அதன் மேல் நிமிர்ந்த ஆள், பின்னால் இருக்கைக்குப் பிறகு மாட்டும் டாப் பாக்ஸ் பெட்டி, இரு பக்கமும் பெட்டிகள் என்று பரப்பு கூடக்கூடக் காற்றுக்குப் பிடிமானமும் கூடுகிறது. டாப் பாக்ஸ் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் முன்சக்கரத்தின் பிடியும் சற்றுத் தளர்கிறது. தாழ்ந்த க்ரூஸர் இத்தகைய சாலையில் டூரிங் பைக்கைவிட அமைதியாகப் போவதைக் காணலாம். பெரிய வண்டி என்றால் காற்றுக்கு அசையாது என்ற நம்பிக்கைக்கு, ஐந்து கிலோ எடை வேறுபாட்டில் அடிப்படை ஏதுமில்லை.

பக்கக்காற்றில் ஓட்டும் முறை இரண்டுக்கும் ஒன்றே. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் காற்றின் ஒவ்வொரு உலுக்கலும் கைவழியாக முன்சக்கரத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே முழங்காலால் டேங்கை அணைத்து, கையைத் தளர்த்தி, வண்டி காற்றின் பக்கம் லேசாகச் சாய்ந்தே ஓட அனுமதிக்க வேண்டும். லாரியைத் தாண்டும்போது இன்னும் கவனம் தேவை. லாரியின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று நின்றுவிடும். காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த வண்டி லாரியின் பக்கமே இழுபடும். மறைவிலிருந்து வெளிவரும் நொடியில் காற்று மீண்டும் முழு வலிமையோடு அறையும். அந்த இரண்டு தருணங்களுக்கும் இடம் விட்டு, லாரியிலிருந்து தள்ளியே தாண்ட வேண்டும்.

வால்பாறை, கொல்லிமலை, திம்பம் போன்ற மலைப்பாதைகளில் க்ரூஸர் திணறுமா?

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. இந்த எண்களைக் கேட்டவுடன் க்ரூஸர் ஆகாது என்று முடிவுகட்டுகிறார்கள். நடைமுறை சற்று வேறு.

கொண்டை ஊசி வளைவில் வண்டி போகும் வேகம் பதினைந்து, இருபது கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் பெரிதாகச் சாய்வதில்லை. ஆகவே க்ரூஸரின் ஃபுட்ரெஸ்ட் தார்ச்சாலையில் உரசும் என்ற அச்சம் இங்கே பொருந்தாது. அது உரசுவது குன்னூர்–ஊட்டிச் சாலையிலும் கோத்தகிரிச் சாலையிலும் வரும் அகன்ற, வேகமான வளைவுகளில்தான். க்ரூஸர் என்றால் நீளமானது, திரும்பாது என்பதும் இந்த இணைக்குப் பொருந்தவில்லை. மீட்டியோரின் இரு சக்கரங்களுக்கிடையே உள்ள தூரம் 1400 மி.மீ.; ஹிமாலயனுக்கு 1510 மி.மீ.

எஞ்சினின் குணமும் கருதத்தக்கது. மீட்டியோரின் எஞ்சின் நீண்ட ஸ்ட்ரோக் கொண்டது, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதிகம். அதன் முழு முறுக்குவிசையும் நிமிடத்துக்கு 4000 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். ஹிமாலயனுக்கு அது 5500இல் கிடைக்கிறது. மெதுவாக வளைவுக்குள் நுழைந்து, இரண்டாம் கியரிலேயே முனகாமல் வெளியே வருவது க்ரூஸருக்கு இயல்பாக அமைகிறது. டூரிங் பைக்கில் சுழற்சியைக் குறையவிட்டால் எஞ்சின் இடிக்கும்; கியரைக் குறைத்தே ஆக வேண்டும். வளைவு முடிந்து நேர்ச்சாலை வந்ததும் டூரிங் பைக் பறந்துவிடும் என்பது வேறு விஷயம்.

உயரத்தை மறந்துவிடக்கூடாது. ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் பெட்ரோலின் அளவைத் திருத்திக்கொள்ளுமே தவிர, இல்லாத காற்றைக் கொண்டுவராது. இருபது குதிரைத்திறன் பதினாறாகும்போது, பின்னால் ஆள் உள்ள க்ரூஸர் அதை உணர்த்தும். நாற்பது முப்பத்திரண்டாகும்போது டூரிங் பைக் ஓட்டுபவருக்கு அது தெரிவதேயில்லை.

என் பார்வையில் மலையில் க்ரூஸரின் பெரிய பலம் அதன் தாழ்ந்த இருக்கை. திம்பம் வளைவில் ஒரு பெரிய லாரி எதிரே இறங்கி, முன்னும் பின்னும் நகர்த்தித் திரும்பிக்கொண்டிருக்கும்போது, பின்னால் வருபவர் ஏற்றத்தில், சாய்வான தரையில், வண்டியை நிறுத்தியாக வேண்டும். 765 மி.மீ. உயர இருக்கையில் இரண்டு காலும் தரையில் பதியும். 825 மி.மீ. இருக்கையில், வளைவின் பள்ளமான பக்கத்தில் கால் தரையைத் தேடும். ஓடும்போது விழுவதைவிட இப்படி நிற்கும்போது விழும் வண்டிகளே மலையில் அதிகம்.

இறக்கத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இரண்டு வண்டிக்கும் பொருந்தும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டுவது, எஞ்சினை அணைத்துவிட்டுப் பெட்ரோல் சேமிப்பது ஆகியவை பிரேக்கைச் சூடாக்கி, தேவையான நேரத்தில் பிடிக்காமல் செய்துவிடும். இரண்டிலும் இரு சக்கரத்துக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உண்டு. ஹிமாலயனில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துவைக்க முடியும். தார்ச்சாலையில் அதை அணைக்க ஒரு காரணமும் இல்லை.

மனைவியோ பெற்றோரோ பின்னால் வந்தால்?

பின்னால் அமர்பவரை ஒருநாள் ஐம்பது கிலோமீட்டர் கூட்டிப்போய்ப் பார்க்காமல் வண்டி வாங்கக்கூடாது. ஓட்டுபவருக்குப் பிடித்த வண்டி பின்னால் இருப்பவருக்குப் பிடிக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. க்ரூஸரில் ஏறி இறங்குவது எளிது. வயதானவர்களுக்கு அதுவே பாதி ஆறுதல். ஆனால் பெரும்பாலான சிறிய க்ரூஸர்களில் பின் இருக்கை முன் இருக்கையைவிடக் குறுகியது, பின்சக்கரத்துக்கு நேர்மேலே இருப்பது. பின்புறத்தின் இரட்டை ஷாக் அப்சார்பர்கள் எடை கூடும்போது அடித்தட்டும். மீட்டியோரில் அவற்றை ஆறு நிலைகளில் இறுக்கலாம். ஆள் ஏறும் நாளில் அதைச் செய்ய மறப்பவர்களே மிகுதி.

டூரிங் பைக்கில் இருக்கை உயரம் சிக்கலாக இருந்தாலும், ஏறிவிட்டால் நெடுந்தூரத்துக்கு வசதி அதிகம். டாப் பாக்ஸ் இருந்தால் முதுகுச் சாய்வும் கிடைக்கும். சேலை கட்டி ஒருபக்கமாக உட்காரும் வழக்கம் இங்கே பொருந்தாது. பக்கவாட்டுப் பெட்டி மாட்டினால் அப்படி உட்கார இடமே இருக்காது. பெட்டி இல்லாவிட்டாலும் மலைவளைவில் ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பவரின் எடை வண்டியை ஓயாமல் ஒருபுறம் இழுக்கும். ஊருக்குள் சந்தைக்கும் கோயிலுக்கும் போவது வேறு. நெடும்பயணத்தில் இருபுறமும் கால்போட்டு உட்காரும் உடையே வேண்டும், சேலை கார்டையும் கழற்றக்கூடாது.

நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றினால் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022இல் திருத்தம் வந்துள்ளது. குழந்தையோடு நெடும்பயணம் என்றால் ரயிலோ காரோதான் சரி.

சாமான் ஏற்றுவதில் வேறுபாடு உண்டா?

உண்டு. டூரிங் பைக்கில் பெட்டி மாட்டுவதற்கான அமைப்பு வண்டியோடே திட்டமிடப்பட்டது. க்ரூஸரில் இருபக்கமும் தொங்கும் சாடில் பேக் அழகாக இருக்கும். சைலன்சர் பக்கம் தொங்குவது சூட்டில் கருகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கனமான பொருளைக் கீழேயும் முன்னேயும், எடை குறைந்ததை மேலேயும் வைப்பது இரண்டுக்கும் விதி. இரண்டு நாள் பயணத்துக்கு ஒருவருக்கு ஒரு பை போதும்.

ஒரு டேங்க் பெட்ரோலில் எது அதிக தூரம் போகும்?

ஏறத்தாழச் சமம். லிட்டருக்கு க்ரூஸர் 32, டூரிங் பைக் 28 என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டரில் 480 கிலோமீட்டர், 17 லிட்டரில் 476 கிலோமீட்டர். ரிசர்வைக் கழித்துவிட்டால் நானூறு கிலோமீட்டருக்குக் கவலையில்லை. கோவையிலிருந்து பெங்களூருக்குச் சேலம் வழியாகப் போனாலும் வழியில் நிரப்ப வேண்டியதில்லை. திம்பம், ஆசனூர் வழியாகக் கர்நாடகம் போவதானால் சத்தியமங்கலத்திலேயே டேங்கை நிரப்பிக்கொள்வது நல்ல பழக்கம்.

பஞ்சர் ஆனால்?

இதில் க்ரூஸருக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். அலாய் சக்கரமும் ட்யூப்லெஸ் டயரும் உள்ள மீட்டியோரில் ஆணி குத்தினால், சக்கரத்தைக் கழற்றாமலே பத்து நிமிடத்தில் பட்டையைச் செருகிக் காற்றடித்துக் கிளம்பலாம். ஹிமாலயன் 450 முதலில் கம்பிச் சக்கரமும் ட்யூபுமாகவே வந்தது. ட்யூப்லெஸ் கம்பிச் சக்கரம் பின்னர் வந்தது. பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டகட்டிக்கும் வால்பாறைக்கும் இடையில், மழையில், பின்சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றுவது எவருக்கும் விருப்பமான வேலையாக இருக்காது.

கத்திரி வெயிலிலும் மழையிலும்?

சித்திரை, வைகாசியில் கரூர், ஈரோடு பக்கம் நண்பகலில் எந்த வண்டியும் இன்பமாக இருக்காது. ஹிமாலயன் நீர்க்குளிர்ப்பு எஞ்சின். போக்குவரத்து நெரிசலில் விசிறி சுழலும்போது வெப்பக்காற்று காலில் படும். மீட்டியோரில் காற்றும் ஆயிலும் சூட்டைத் தணிக்கின்றன. நெரிசலில் அதுவும் சுடும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குள் நிழலில் ஒதுங்குவதே வழி. ஜாக்கெட்டுக்குள் உடம்போடு ஒட்டும் செயற்கை இழைச் சட்டையைவிடத் திருப்பூர்ப் பருத்திப் பனியன் மேல் என்று நெடுநேரம் ஓட்டுபவர்கள் சிலர் சொல்வார்கள். ஆனால் பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் என்பதால் மலையேறும் நாளில் அது குளிரெடுக்கச் செய்யும். மழையில் முன்கண்ணாடி உள்ள டூரிங் பைக் நெஞ்சைக் காக்கும். க்ரூஸரில் முன்னே நீட்டிய காலணிகள்தான் முதலில் நனையும்.

விலை வேறுபாடு ஏன் இவ்வளவு கூடிவிட்டது?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; 350ஐத் தாண்டியவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. 349 சிசி வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமும் 452 சிசி வண்டி அந்தப் பக்கமுமாக நிற்கின்றன. விலை கூடினால் சாலை வரியும் காப்பீட்டுத் தொகையும் சேர்ந்தே கூடும். அந்த வேறுபாட்டுத் தொகையில் நல்ல ஹெல்மெட் இரண்டு, ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் ஆகியவற்றை வாங்கலாம். கடன் வாங்கி டூரிங் பைக்கை எடுத்துவிட்டுச் செருப்புக் காலோடு ஊட்டி ஏறுபவர்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கைச் சொல்லத் தோன்றுகிறது.

எந்தெந்த வழிகளில் கட்டுப்பாடுகள் உள்ளன?

நீலகிரிக்குப் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை நடப்பில் இருக்கிறது. கிளம்பும் முன்பே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். திம்பம் மலைப்பாதை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் இரவுப் போக்குவரத்துத் தடை உண்டு. பண்ணாரிச் சோதனைச்சாவடியை மாலைக்கு முன் கடக்கும்படி திட்டமிட வேண்டும். பெங்களூரு வழியாகக் குடகு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. எவ்வளவு பெரிய எஞ்சினாக இருந்தாலும் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். காட்டுச் சாலையில் யானை நின்றால் தொலைவிலேயே நிறுத்திக் காத்திருப்பது தவிர வேறு வழி எந்த வண்டிக்கும் கிடையாது.

ஏற்கெனவே க்ரூஸர் இருக்கிறது. அதையே நெடும்பயணத்துக்கு ஏற்றதாக மாற்ற முடியுமா?

பெருமளவு முடியும். முதலில் முன்கண்ணாடி. அதன் மேல்விளிம்பு மூக்குக்கு நேராக, பார்வைக்குச் சற்றுக் கீழே அமைந்தால் காற்று ஹெல்மெட்டுக்கு மேலே போகும். இன்னும் உயர்த்தினால் மழையில் அதன் வழியாகவே பார்க்கவேண்டி வரும். அடுத்து, சீட்டை அடர்த்தியான நுரையில் மறுபடி தைப்பது. கோவையிலும் ஈரோட்டிலும் பைக் சீட் தைக்கும் கடைகளில் ஒருநாள் வேலை அது. வண்டியில் உட்கார்ந்து காட்டி அளவு கொடுத்தால் இன்னும் நல்லது. மூன்றாவதாக, பின்னால் அமர்பவருக்கு முதுகுச் சாய்வு. நெடும்பயணத்துக்கு இந்த மூன்றும் போதும்.

கால் வைக்கும் இடத்தை இன்னும் முன்னே தள்ளும் இணைப்புகளை விற்கிறார்கள்; வால் எலும்புக்கு இறங்கும் எடையை அவை கூட்டவே செய்யும். சைலன்சரை மாற்றுவதால் வரும் சத்தம் முதல் அரை மணி நேரம் இனிக்கும். பிறகு அதே சத்தம் ஓட்டுபவரைச் சோர்வாக்கும், ஊர்வழியே போகும்போது திட்டு வாங்கித்தரும், போக்குவரத்துப் போலீசிடம் அபராதமும் கட்டவைக்கும். கூடுதல் விளக்கு மாட்டுவதானால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி தாழ்த்தி மாட்ட வேண்டும். செயினுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் போடுவதும், ஆள் ஏறும்போது டயர் காற்றை வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கூட்டுவதும் இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும்விடக் குறைந்த செலவில் ஆகக்கூடியவை.